நூறு கிராமுக்கு

வெட்டும் இயந்திரத்தில் எண் இரண்டு வைத்தால்
விளக்குக்கு நேரே பிடித்து மறுபக்கம் பார்க்கலாம்,
அவ்வளவு மெல்லிசு.
எண் நான்கு சாண்ட்விச்சுக்கு.
எண் ஏழு கேட்பவர்கள் வீட்டில் பொரிப்பார்கள்.
ஆறு வருடத்தில் நான் கற்ற வித்தை இதுதான்,
சோஹாரில், மீனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே,
ஒரு கண்ணாடிக்குப் பின்னால்.

புகையூட்டிய கோழி, மிளகுக் கோழி, ஆலிவ் பதித்த கோழி.
எல்லாம் உருளை.
கழுத்து எந்தப் பக்கம் என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

வியாழன் இரவு கிதியோன் வருவார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நாகர்கோவில் பக்கம்.
எப்போதும் கால் கிலோ, எண் நான்கு.
நான் வெட்டத் தொடங்கிவிடுவேன் அவர் வாய் திறக்குமுன்.
அன்று கையைக் காட்டி நிறுத்தினார்.
"தம்பி, இதுல சத்து எவ்வளவு இருக்கு?"

விலை கேட்பார்கள். காரமா என்பார்கள்.
புதிதாக வந்தவர்கள் ஹலாலா என்பார்கள்.
சத்தை யாரும் கேட்டதில்லை.
உருளையைப் புரட்டினேன்.
அரபிக்குக் கீழே ஆங்கிலம், எறும்பு எழுத்தில்.
வகுப்பில் எழுப்பி நிறுத்திய பையனைப் போலப் படித்தேன்:
நூறு கிராமில் புரதம் பன்னிரண்டு,
கொழுப்பு ஏழு,
மாவுச்சத்து ஆறு.

"கோழிக்கு மாவு எங்கேருந்து வந்துச்சு?"

தண்ணீர், உருளைக்கிழங்கு மாவு, சோயா,
ஈ நானூற்று ஐம்பத்தொன்று,
ஈ இருநூற்று ஐம்பது.

"ஈயா?"
"பறக்காத ஈ" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

உப்பு, இரண்டரை கிராம்.

அதைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த சீட்டு வெளியே வந்தது.
நாளுக்கு ஐந்து கிராமுக்குள் என்று
கம்பெனி மருத்துவர் அடிக்கோடிட்டிருந்தார்.
நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து உள்ள ஆளை
ஐம்பது மீட்டர் உயரத்தில் ஏற்ற மாட்டார்களாம்.
இரண்டு மாதமாகக் கிடங்கில், கீழே.
உயரத்துக்கான படி நின்றுவிட்டது.

உதடு அசைய மனதுக்குள் பெருக்கினார்.
"கால் கிலோவுக்கு ஆறேகால்.
ரொட்டி, ஊறுகாயைச் சேர்க்காம."
பிறகு பக்கத்துக் கவுன்டரைப் பார்த்தார்.
அங்கே முழுக்கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தன,
கழுத்தும் காலும் தெரிய.
"அது பரவாயில்லையா?"

அது வரும் பெட்டியில் எழுதியிருக்கும்,
உப்புநீர் ஏற்றியது என்று.
சூப்பர்வைசர் மூன்றடி தள்ளி நின்றார்.
குனிந்து கையுறை மாற்றுவதுபோலச் சொன்னேன்:
"பச்சைக் கோழி, கடைசி ஃப்ரிட்ஜ். தோலை உரிச்சிட்டு அவிங்க."

"எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு, தம்பி.
எனக்கு முறை வர்றப்போ மணி பதினொன்னரை."

யாரோ பின்னால் இருமினார்கள். வரிசை நீண்டிருந்தது.
"நூறு போடு. எண் ரெண்டு.
எண்ணிக்கையாவது கூடட்டும்."

பதினோரு துண்டு விழுந்தது.
அவரும் எண்ணினார், கண்ணாடியில் விரல் வைத்து.
இருநூற்றுத் தொண்ணூறு பைசா.

கடை மூடியதும்
கத்திக்குச் சிக்காத உருளை முனைகள் எங்களுக்கு.
கணக்கில் வராதவை, விலைச்சீட்டு இல்லாதவை.
மாரிவிக்கும் நானும் பாதிப் பாதி.
அவள் எலுமிச்சை பிழிந்து சோற்றோடு பிசைவாள்.
நான் குப்பூஸில் சுருட்டி, பஸ் வருமுன் முடித்துவிடுவேன்.
நாலு வருடமாக என் இரவுச் சாப்பாடு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
யாரை நினைக்க?
உறையில் தொழிற்சாலைக்கு ஒரு எண் இருக்கிறது.
ஆள் பெயர் இல்லை.

விசா புதுப்பிக்க அடுத்த மாதம் எனக்கும் மெடிக்கல்.
அன்று இரவு என் பங்கைச் சும்மா தராசில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது என்றது.
எனக்கும் பெருக்கத் தெரியும்.
பையை எடுத்துக்கொண்டு
தட்டைத் துடைத்தேன்,
எண் பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை.